ஜியார்டியா தொற்று

சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒருசெல் ஒட்டுண்ணியால் வரும் நோய். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக், 1681இல் தமக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது சொந்த மலத்தையே நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதில் நெளிந்த உயிர்கள் ஜியார்டியாவே என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இரண்டு உட்கருக்கள், நான்கு இணைக் கசையிழைகள், வயிற்றுப்புறத்தில் ஓர் ஒட்டுத்தட்டு: இதுதான் அதன் உடல். மலத்தோடு வெளியேறும்போது தடித்த உறை போர்த்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாங்கும். இப்படி உறை போர்த்த பத்து ஒட்டுண்ணிகள் வயிற்றுக்குள் போனாலே தொற்றிவிடும் என்பது 1954இல் அமெரிக்கச் சிறைத் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில் தெரிந்தது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை!

2004இல் நார்வேயின் பெர்கன் நகரக் குடிநீரில் கழிவுநீர் கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. ஒட்டுண்ணி ஒழிந்து பல ஆண்டுகளாகியும் சிலருக்குக் குடல் எரிச்சலும் தீராத அசதியும் நீடித்தன. தொற்றின் நீண்டகால விளைவுகள் பக்கம் ஆய்வாளர்களின் கவனத்தை இது திருப்பியது.

மெட்ரோனிடசோல் பழைய மருந்து. ஒரே வேளையில் முடிவது டினிடசோல். நிட்டசாக்ஸனைடு, அல்பெண்டசோல் ஆகியவையும் உண்டு. ஆனால், இந்தியா சென்று லண்டன் திரும்பிய பயணிகள் பலரிடம் மெட்ரோனிடசோல் பலிக்கவில்லை. இதனால், மூட்டுவாதத்துக்கான தங்கச் சேர்ம மருந்தான ஆரனோஃபின் ஆராயப்பட்டுள்ளது. ஆக்சிஜன் தாக்கத்திலிருந்து ஒட்டுண்ணியைக் காக்கும் நொதியை அது முடக்குகிறது.

மனிதருக்கான தடுப்பூசி இன்னும் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு: மேற்புறப் புரதங்களை அடிக்கடி மாற்றி நோயெதிர்ப்பாற்றலுக்குத் தண்ணி காட்டுகிறது ஜியார்டியா.