எழுதி வைக்காத காலைப்பொழுது

காலை எட்டு மணி ஒலிபரப்பாளருக்குப் பொன்னான நேரம் என்று இன்று எவரும் சொல்வர். 1933ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அந்த நேரத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கவில்லை. அங்கே மாலையும் இரவுமே வானொலியின் அறுவடைக் காலம். குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கும் அந்த வேளைக்காகவே சவர்க்கார வியாபாரியும் சிகரெட் வியாபாரியும் போட்டியிட்டனர். காலைப்பொழுதோ தரிசு நிலம். அந்நிலம் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் கையில் வந்து சேர்ந்த கதையையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

இளைஞரின் பெயர் டொன் மக்னீல். என்.பி.ஸி. நிறுவனம் அக்காலத்தில் சிவப்பு, நீலம் என இரு வலையமைப்புகளை நடத்தியது. பெரிய நட்சத்திரங்களும் பெரிய விளம்பரங்களும் சிவப்புக்கு; எஞ்சியவை நீலத்துக்கு. சிக்காகோ நகரிலிருந்து நீல வலையமைப்பிலே ஒலித்துவந்த 'பெப்பர் பொட்' என்ற காலை நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் எவரும் இல்லை. அதனைப் பொறுப்பேற்ற மக்னீல், 'பிரேக்பஸ்ட் கிளப்' என்று புதுப்பெயர் சூட்டி 1933 யூன் 23ஆம் திகதி ஆரம்பித்தார். காலையுணவுக் கழகம் என்று தமிழாக்கலாம். கழகம் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வருமாதலால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

ஒரு மணி நேரத்தை அவர் நான்காக வகுத்தார். கால் மணிக்கு ஒரு தடவை காலையுணவுக்கு ஓர் அழைப்பு. அழைப்பு வந்ததும் வாத்தியக் குழு அணிநடை இசை ஒன்றை முழங்கும். வீட்டில் இருப்பவர்கள் எழுந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்க வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வேலையின்றி இருந்த ஆண்டு அது. மேசையிலே என்ன இருந்தது என்பது வேறு விடயம். அதைச் சுற்றி நடப்பதற்குக் காசு தேவைப்படவில்லை.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அடுத்து நடந்ததுதான். தொடக்கத்தில் மக்னீலும் எல்லோரையும்போல எழுதி வைத்தே வாசித்தார். சிறிது காலத்தில் எழுத்துப் பிரதியை ஒதுக்கிவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசத் தொடங்கினார். வலையமைப்பு வானொலியில் சொல்லுக்குச் சொல் எழுதித் திட்டமிட்டுப் பேசிய காலம் அது. அந்தச் சுதந்திரம் அவருக்குக் கிடைத்ததற்கு நிலையத்தாரின் தாராளம் காரணமன்று. கேட்க ஆளில்லாத நேரந்தானே என்ற அலட்சியமே காரணம் என்பது என் கருத்து. கலை வரலாற்றில் அலட்சியம் செய்த உபகாரங்களைத் தனியாக எழுதலாம்.

பிரதி போன இடத்தை நேயர்களின் கடிதங்கள் நிரப்பின. வீட்டுப் பகிடிகள், பிள்ளைகளின் குறும்பு, தாம் எழுதிய செய்யுள்கள் என்று மக்கள் அனுப்பியவற்றை அவர் வாசித்தார். அவற்றைச் சுற்றியே பேச்சு வளர்ந்தது. அச்செய்யுள்களில் பல என் மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன். ஆனால் சமையலறையில் எழுதிய நான்கு வரியை நாடு முழுவதும் கேட்கும்படி ஒருவர் மதித்து வாசிக்கும்போது, அந்தப் பெண்மணிக்கு அது வெறுஞ் செய்யுளாக இருந்திருக்காது.

விருந்தினர்களுக்கும் பஞ்சமில்லை. நியூயோர்க்கிலிருந்து ஹொலிவூட் செல்லும் ரயில் பிரயாணிகள் அக்காலத்தில் சிக்காகோவில் இறங்கி வண்டி மாற வேண்டும். திரைப்பட நட்சத்திரமும் அதற்கு விலக்கல்லர். இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடைக்கும் சில மணி நேரம் அந்நகரத்து ஒலிபரப்பாளருக்கும் பத்திரிகையாளருக்கும் கொடையாக அமைந்தது. பின்னாளில் பெரும் புகழ் எய்திய பாடகி பற்றி பேஜ் இந்நிகழ்ச்சியிலே பாடியவர். ஊர்வம்பு பேசும் 'ஃபனி மாமி'யாக ஃபிரான் அலிசன் நெடுங்காலம் தோன்றினார். இவர்கள் இருந்த அதே மண்டபத்தில், நிகழ்ச்சியைப் பார்க்க வந்த சாதாரணப் பெண்மணியிடமும் மக்னீல் ஒலிவாங்கியை நீட்டினார்.

இனி இசைக்கு வருவோம். பெரிய வலையமைப்புகளுக்கு அந்நாளில் ஒலித்தட்டு ஒரு தீட்டுப் பொருள். பதிவுசெய்த நிகழ்ச்சிகளை விடுவதில்லை என்பதை என்.பி.ஸி.யும் சி.பி.எஸ்.ஸும் கொள்கையாகவே வைத்திருந்தன. தட்டுகளைத் தபாலில் அனுப்பினாற் போதுமென்றால் ஊர் நிலையங்களுக்கு வலையமைப்பு எதற்கு என்ற கேள்வி எழும் அல்லவா? 1937 மே மாதம் ஹிண்டன்பேர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழக்கண்டு கதறிய சிக்காகோ அறிவிப்பாளர் ஒருவரின் பதிவை என்.பி.ஸி. ஒலிபரப்பியது இன்றும் விதிவிலக்காகவே பேசப்படுகிறது. எனவே காலை எட்டு மணிக்கு ஒரு முழு வாத்தியக் குழு உடையுடுத்தி, சுருதி சேர்த்து உட்கார்ந்தாக வேண்டும். சிக்காகோவின் மாரிகாலக் குளிரில் அது எளிய காரியமன்று. வோல்டர் புளோஃபஸ், பின்னாளில் எடி பலன்டைன் முதலியோர் அக்குழுவை நடத்தினர்.

இக்கொள்கைக்குப் பின்னால் இன்னொரு கையும் இருந்தது. ஜேம்ஸ் சீசர் பெட்றில்லோ, ஒருகாலத்தில் தாரை ஊதியவர், 1922 முதல் சிக்காகோ இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர். பேசும்படம் வந்ததும், ஊமைப்படக் கொட்டகைகளில் வாசித்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்ததைக் கண்டவர் அவர். வானொலியிலும் அது நடக்கக்கூடாதென்று பிடிவாதமாய் நின்றார். நிலையங்களில் ஒலித்தட்டைச் சுழலவிடுபவர்கூடச் சங்கத்துக் கலைஞராக இருக்கவேண்டுமென்று சிக்காகோவில் நிபந்தனை விதித்தார். 1940இல் நாடளாவிய சங்கத்துக்குத் தலைவராகி, 1942 ஓகஸ்ட் 1 முதல் எவரும் ஒலிப்பதிவுக்கு வாசிக்கக்கூடாதென்று தடைபோட்டார். பெரிய நிறுவனங்களுடனான அந்த இழுபறி 1944 நவம்பர் வரை நீடித்தது. பத்திரிகைகள் அவரைச் சர்வாதிகாரியென்று கேலி செய்தன. 1946இல் காங்கிரஸ் அவரை அடக்கவென்றே சட்டம் இயற்றியது. அவருடைய முறைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. எனினும், கோயிலில் மேளகாரர் நின்ற இடத்தில் மின்சாரத்தில் அடிக்கும் இயந்திர மேளத்தைக் கண்டவர்கள் அவருடைய கோபத்தைப் புரிந்துகொள்வார்கள்.

போர் நடந்துகொண்டிருந்த 1944இல் மக்னீல் துணிச்சலான காரியம் ஒன்று செய்தார். ஒலிபரப்பிலே மௌனம் என்பது விபத்து. சில கணம் ஓசை நின்றால் நேயர் குமிழைத் திருகிவிடுவார். அவரோ அன்றாட நிகழ்ச்சியின் நடுவிலே மௌனப் பிரார்த்தனைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். எல்லாச் சமயத்தவரும் தத்தமக்குரிய முறையில் வேண்டிக்கொள்ளலாம். வாத்தியம் ஓயும், பகிடி ஓயும். பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்பிய வீடுகளில் அந்த ஓசையின்மை எவ்வாறு கேட்டிருக்கும்!

இதை நான் ஓரளவு அறிவேன். 1990களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். எங்கோ ஒருவர் விழித்திருந்து பேசுகிறார் என்பதுதான் எங்களுக்கு முதற் செய்தி. மற்றச் செய்திகள் பிறகு.

போருக்குப் பின் காற்று மாறியது. நீல வலையமைப்பு கைமாறி, 1945இல் ஏ.பி.ஸி. என்ற பெயர் பெற்றிருந்தது. ஒலித்தட்டு விலக்கை முதலில் உடைத்ததும் அதே ஏ.பி.ஸி.தான். தன் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவுசெய்ய விரும்பிய பிங் குரொஸ்பியை 1946இல் அது ஏற்றுக்கொண்டது. அப்புறம் காந்த நாடா வந்தது. தட்டுச் சுழற்றிப் பேசும் அறிவிப்பாளர்கள் பெருகினர். ஓர் அறிவிப்பாளரும் ஒரு பெட்டித் தட்டும் போதுமென்றான பின் வாத்தியக் குழுவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்? மக்னீல் இருமுறை தொலைக்காட்சியிலும் முயன்றார்: 1950இல் ஒன்று, 1954இல் இன்னொன்று. இரண்டும் நிலைக்கவில்லை. மேசையைச் சுற்றி நடப்பது கேட்பதற்கு இனிது. பெரியவர்கள் அவ்வாறு நடப்பதைப் பார்ப்பது வேறு அனுபவம் என்றே நினைக்கிறேன். வானொலியில் மட்டும் நிகழ்ச்சி 1968 டிசெம்பர் 27 வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், நடந்தது. மக்னீல் 1996இல் காலமானார்.

அவர் படித்த மார்க்கெட் பல்கலைக்கழகத்திலே நிகழ்ச்சியின் ஆவணங்களும் பிற்காலத்து ஒலிப்பதிவுகளும் பேணப்பட்டுள்ளன. 1930களின் காலைகளோ பெரும்பாலும் காற்றோடு போயின. பேச்சுக்குப் பிரதி இல்லை. இசைக்குத் தட்டு இல்லை. வாத்தியக் குழு வாசித்தது, சம்பளம் வாங்கியது, வீட்டுக்குப் போயிற்று.