பூப்புப் பருவ வளர்ச்சி, வன்னி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் பிள்ளைகள் வளரிளம் பருவத்தில் அடையும் உடல், மூளை மாற்றங்களையும் அவற்றையொட்டிய வழக்கங்களையும் பற்றியது இக்கட்டுரை. பெண்பிள்ளையிடம் இம்மாற்றங்கள் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளையிடம் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன.

தமிழில் பருவங்களைப் பகுத்துப் பெயரிடும் மரபு பழமையானது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தன. பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19 என்பது பெருவழக்கு. பூப்பெய்தும் வயது மங்கைப் பருவத்தில் விழுவதால், இப்பகுப்பு உற்றுநோக்கிச் செய்யப்பட்டதே எனலாம். ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன், திறவோன், காளை முதலிய பெயர்கள் உண்டு. ஆயினும் உலா இலக்கியம் பாடியது பெண்ணின் ஏழு பருவங்களையே. நவீன மருத்துவத்திலும் இத்தகைய பகுப்பு உண்டு. இங்கிலாந்தில் ஆய்வாளர் ஜேம்ஸ் டானர், ஹார்ப்பெண்டன் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சக ஆய்வாளர் மார்ஷலுடன் சேர்ந்து 1969இல் பெண்களுக்கும் 1970இல் ஆண்களுக்குமாக அவர் வெளியிட்ட ஐந்து படிநிலைகளையே மருத்துவர்கள் இன்றும் கையாள்கின்றனர்.

7ஆம் தரத்துப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினால் பெண்பிள்ளைகள் பலர் பெடியன்களை மிஞ்சி நிற்பர். 10ஆம் தரத்தில் வரிசை மாறிவிடும். பெண்ணின் வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 12 வயதிலும் ஆணின் வேகம் 14 வயதிலும் உச்சமடைவதே காரணம். ஆணுக்கு மகரக்கட்டு உடைந்து, மீசை அரும்பி, தசை திரள்கிறது.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் வன்னிக் குடும்பங்கள் அவளைத் தனியே இருத்தி முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி கொடுத்துப் பேணுகின்றன. தாய்மாமனும் மாமியும் முன்னின்று தண்ணீர் வார்க்க, சாமத்தியச் சடங்கு நடைபெறும். இந்தப் பேணல் போற்றத்தக்கது. ஆனால் பிந்தி வருகிறது. வளர்ச்சி வேகம் முதல் மாதவிடாய்க்குச் சுமார் ஓராண்டு முன்பே உச்சத்தைக் கடந்துவிடுகிறது. முதல் மாதவிடாய்க்குப்பின் சில சென்டிமீட்டர் உயரமே கூடும். ஊட்டமான உணவு பத்து வயதிலேயே தேவை. இளந்தாரியாகும் பெடியனுக்கோ இத்தகைய சடங்கும் இல்லை, தனிக்கவனமும் இல்லை.

உடலோடு மூளையும் இப்பருவத்தில் மாறுகிறது. அமெரிக்கத் தேசிய உளநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் பலவாக எம்.ஆர்.ஐ. படமெடுத்து ஆராய்ந்தனர். மொத்த மூளைக் கன அளவு பெண்களில் சுமார் 10½ வயதிலும் ஆண்களில் 14½ வயதிலும் உச்சமடைவதாக 2007இல் அறிவித்தனர். ஆண் மூளை சராசரியில் சுமார் 10 சதவீதம் பெரியது. அறிவுத்திறனில் அதனால் ஏற்றத்தாழ்வு இல்லை. நிதானத்துக்கும் திட்டமிடலுக்கும் உதவும் மூளையின் முன்புறப் பகுதி இருபாலாரிலும் இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்கிறது.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது மெனிக்பாம் உள்ளிட்ட இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அடைபட்ட சுமார் மூன்று இலட்சம் பேரில் இவ்வயதினரும் இருந்தனர். நெரிசலான கூடாரங்களில் மறைவிடமின்றிப் பூப்பெய்திய பிள்ளைகளின் துயர் தனியே எழுதப்பட வேண்டியது. வன்னி மக்களின் கூட்டு மனவடுவை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் பதிவுசெய்தார்.

தற்போது பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. 2017 முதல் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் போடப்படுகிறது.