பழனியில இருந்துக்கிட்டே புது காமிக்ஸ் பிடிப்பது எப்படி?

பழனி பஸ் ஸ்டாண்டுல ஏதாவது ஒரு பத்திரிகைக் கடையில போய், "அண்ணே, இந்த வாரம் புது காமிக்ஸ் என்ன வந்திருக்கு?"னு கேட்டுப் பாருங்க. அடிவாரத்துக் கடைகளிலும் கேட்கலாம். கந்த சஷ்டி கவசம் கிடைக்கும், ராசிபலன் புத்தகம் கிடைக்கும், கோலப் புத்தகம் கிடைக்கும். காமிக்ஸ் கிடைப்பது ரொம்பவே அபூர்வம். அதனால் 'தமிழ்ல இப்பல்லாம் காமிக்ஸே வர்றதில்லை போல' என்று நீங்கள் முடிவுக்கு வந்திருந்தால், அது தப்புக் கணக்கு. தமிழில் புது காமிக்ஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைக்கு வருவதுதான் நின்றுபோச்சு.

எது எங்கே எப்போது வெளியாகிறது, அதை பழனியில் இருப்பவர் எப்படி வாங்குவது என்பதைப் பார்ப்போம். நடுவில் கொஞ்சம் வரலாறும் வரும், பொறுத்துக்கோங்க. அது தெரிந்தால்தான் 'வெளியான பிறகு பார்த்துக்கலாம்' என்று நினைப்பது ஏன் ஆபத்து என்று புரியும்.

புதன்கிழமை ரகசியம்

அமெரிக்காவில் காமிக்ஸுக்கு என்றே ஒரு கிழமை உண்டு, புதன். வாரா வாரம் அன்றுதான் காமிக்ஸ் கடைகளில் புது இதழ்கள் அடுக்கப்படும். டிசி நிறுவனம் மட்டும் 2020-ல் செவ்வாய்க்கு மாறிப் பார்த்தது. 2024-ல் மறுபடியும் புதனுக்கே வந்துவிட்டது.

பார்க்க வேண்டியது கிழமையை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் வியாபாரத்தை. நம்ம ஊர்ல வாரப் பத்திரிகை விற்கவில்லை என்றால் ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிடலாம். அமெரிக்க காமிக்ஸ் கடைக்காரருக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. 1970-களில் உருவான இந்த முறையில், கடைக்காரர் சில மாதங்கள் முன்பே பட்டியலைப் பார்த்து 'இது எனக்கு இத்தனை பிரதி' என்று ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். விற்காமல் மிஞ்சியது அவர் தலையில்தான். அதனால் அவர் தன் வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். அந்த முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒரு தொடர் நீடிக்குமா, ஆறாவது இதழோடு மூட்டை கட்டுமா என்று பதிப்பகம் கணக்குப் போடும்.

ஜப்பானில் இது வேறு மாதிரி. 'ஷோனென் ஜம்ப்' வார இதழ் 1968-லிருந்து வருகிறது. இதழோடு வாசகர் கருத்து அட்டை ஒன்றும் இருக்கும். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் குறித்து அனுப்புவார்கள். அந்த வாக்குகளில் தொடர்ந்து பின்தங்கும் கதையை இரக்கமே இல்லாமல் நிறுத்திவிடுவார்கள். 'ஒன் பீஸ்' 1997-லிருந்து ஓடுகிறது என்றால், இந்தக் கத்தரிக்குத் தப்பித் தப்பித்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

ஆக, இரண்டு ஊரிலும் ஒரு புத்தகத்தின் ஆயுளை முடிவு செய்வது முதலில் கை தூக்கும் வாசகர். அப்படியே சிவகாசிக்கு வருவோம்.

சிவகாசியில் ஒரு சிங்கம்

1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. தொடங்கியவர் எம். சௌந்தரபாண்டியன். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஆராய்ச்சிக் கூட விபத்துக்கு அப்புறம், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் ஆசாமி. பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் பிறந்த கதை அது. அங்கே அந்தப் பாத்திரத்தைப் பலரும் மறந்தாச்சு. இங்கே உங்க பெரியப்பாவிடம் பெயரைச் சொல்லிப் பாருங்க, முகம் மாறும்!

1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. ஆசிரியர் எஸ். விஜயன், சௌந்தரபாண்டியனின் மகன். அப்போது அவருக்கு காலேஜ் போகும் வயசு. அதே ஆண்டுதான் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. மாதம் இரண்டு இதழ், கையடக்க விலை, பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். 500 இதழ்கள் கண்டு 2005-ல் நின்றது. (ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்றால் முகமூடி போட்ட காட்டு வீரர், அதாவது ஃபேன்டம். முத்துவில் அவருக்குப் பெயர் வேதாளர். இரும்புக்கை மாயாவி தனி ஆள். இதைத் தெரியாமல் பேசினால் சீனியர் வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.)

முத்து காமிக்ஸ் ஒரு காலத்தில் 'வாரமலர்' என்று வார இதழாகவும் வந்து பார்த்தது. நிலைக்கவில்லை. தமிழில் இடைவிடாமல் ஓடும் படக்கதை என்றால் அது தினத்தந்தியின் 'கன்னித்தீவு'தான். 1960-லிருந்து சிந்துபாத் நடந்துகொண்டே இருக்கிறார். அவர் எப்போது வீடு போய்ச் சேருவார் என்று கேட்பதை தமிழ்நாடு ஜோக்காகவே மாற்றிவிட்டது.

தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, செல்போன் வந்தது. ஒவ்வொரு நிறுவனமாக இழுத்து மூடின. சிவகாசியில் மட்டும் விளக்கு அணையவில்லை, ஆனால் ரொம்பவே மங்கியது. பத்து ரூபாய் விலை, மட்டமான தாள், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத இதழ் என்றுதான் பல வருஷம் ஓடியது. திருப்பம் 2012 ஜனவரியில் வந்தது. சென்னை புத்தகக் காட்சிக்கு 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளியானது. நல்ல தாள், வண்ணப் பக்கங்கள், விலை 100 ரூபாய். பத்து ரூபாய்க்கு வாங்கிப் பழகியவர்களிடம் நூறு கேட்பது சூதாட்டம்தான். வாசகர்கள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாதா மாதம், திட்டமிட்டு, ஆர்ட் பேப்பரில் பிரெஞ்சு, இத்தாலியக் கதைகள் வரும் இன்றைய காலம் தொடங்கியது.

இத்தாலியின் டெக்ஸ் வில்லர் (1948-ல் பிறந்த கௌபாய், இன்னமும் தமிழில் வசூல் மன்னன்), பெல்ஜியத்தின் லக்கி லூக், 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வரும் நினைவிழந்த மனிதனின் கதை, கேப்டன் டைகர் என்று நாம் கூப்பிடும் புளூபெரி எல்லாம் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். மார்வெல், டிசி தவிர காமிக்ஸ் உலகமே இல்லை என்று நினைக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவர் கையில் ஒரு டைகர் கதையைக் கொடுங்கள். அந்த ஓவியர் ஜான் ஜிரோதான் பின்னாளில் 'மோபியஸ்' என்ற பெயரில் அறிவியல் புனைகதை ஓவியத்தையே புரட்டிப் போட்டவர்.

சரி, எப்படி வாங்குவது?

தமிழ் என்றால் சந்தாதான் ராஜபாட்டை. அந்த ஆண்டு என்னென்ன கதைகள் வரப்போகின்றன என்று லயன்-முத்து குழு முன்கூட்டியே ஓர் அட்டவணை வெளியிடும். அதைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டால் மாதா மாதம் பார்சல் உங்கள் வீட்டுக்கே வரும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள், ஸ்டூடன்ட்ஸ் எல்லாம், இதழ் வெளியானதும் அவர்களின் இணையதளத்தில் பிடித்ததை மட்டும் தனித்தனியாக வாங்கலாம். ஆனால் ஒன்று: தாமதிக்காதீர்கள்.

ஏன்? அச்சடிப்பதே அளவான பிரதிகள். பெரிய தொகுப்புகளில் சில முன்பதிவு செய்தவர்களை நம்பியே அச்சாகின்றன. டைகரின் 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு 2015-ல் அப்படித்தான் வந்தது. 'இரத்தப் படலம்' வண்ணத் தொகுப்பும் 2018-ல் அப்படியே. அப்போது விட்டவர்கள் இன்றைக்குப் பழைய புத்தகச் சந்தையில் பல மடங்கு விலை கேட்கும் ஆட்களிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பைசா கூட பதிப்பகத்துக்கோ, ஓவியருக்கோ போகாது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். "டெலிகிராம்ல பிடிஎஃப் கிடைக்குதே பாஸ்" என்பவர்களுக்கு இது. தமிழ் உரிமைக்கு ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் பணம் கட்டித்தான் இந்தக் கதைகள் வருகின்றன. விற்காத தொடர் அடுத்த அட்டவணையில் இருக்காது. ஜப்பானில் அட்டை, அமெரிக்காவில் முன்பதிவு என்றால் இங்கே உங்கள் சந்தா. நீங்கள் ஸ்கேனில் படித்து ரசித்த நாயகனுக்கு ஓட்டு விழவே இல்லை என்றுதான் சிவகாசியில் கணக்கு எழுதப்படும். ஒரு மொழியின் காமிக்ஸ் பெரும்பாலும் ஒரே ஒரு நிறுவனத்தின் தோளில் நிற்கும்போது, இது சின்ன விஷயம் இல்லை.

காசு கொடுக்கும் முன் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பவரா? நியாயம்தான். அதற்குப் புத்தகக் காட்சிகள் இருக்கின்றன. பொங்கலை ஒட்டிய சென்னைக் காட்சி பெரியது, ஆனால் தூரம். பழனிக்காரர்களுக்கு ஏற்றது ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழா. தாராபுரம் வழியாக பஸ் பிடித்தால் காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். லயன்-முத்து வாசகர்கள் ஆசிரியரோடு சந்தித்துப் பேசுவதும் பல வருஷமாக ஈரோட்டில்தான். எழுபது வயது தாத்தாவும் எட்டாம் வகுப்புப் பையனும் ஒரே கதைக்காகச் சண்டை போடுவதை வேறு எங்கும் பார்க்க முடியாது. நம்ம மாவட்டத்திலேயே திண்டுக்கல் புத்தகத் திருவிழாவும் இருக்கிறது. போகும்போது படக்கதைகள் எந்த ஸ்டாலில் என்று விசாரித்துவிடுங்கள்.

கிராஃபிக் நாவல் தேடுபவர்களுக்கு இலக்கியப் பதிப்பகங்களின் ஸ்டால்தான் சரி. மர்ஜானே சத்ரபியின் தன்வரலாறு 'ஈரான்' என்ற பெயரில் கோவை விடியல் பதிப்பகத்திலிருந்து தமிழில் வந்திருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்த 'பீமாயணம்' படித்தே ஆக வேண்டிய ஒன்று. கட்டம் கட்டமாக இல்லாமல் பக்கம் முழுக்க மரமும் மீனும் மயிலுமாகக் கதை ஓடும். ஈழத்தின் கடைசிக்கட்டப் போரைச் சொல்லும் 'வன்னி' (2019) ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் ஆட்களின் கதை நமக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் படக்கதையாகக் கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாங்கா ரசிகர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2019-ல் வந்த 'மாங்கா பிளஸ்' செயலி, ஷோனென் ஜம்ப்பை நடத்தும் ஷூயிஷா நிறுவனத்துடையது. ஜப்பானில் திங்கள் பிறக்கும் நேரம், அதாவது நமக்கு ஞாயிறு இரவு 8.30 மணிக்கு, வாரத் தொடர்களின் புது அத்தியாயம் ஆங்கிலத்தில் வந்துவிடும். பெரும்பாலான தொடர்களின் முதல் மூன்றும் கடைசி மூன்றும் இலவசம். அதிகாரபூர்வமாகவே கிடைக்கும்போது விளம்பரம் மண்டிய திருட்டுத் தளங்களில் போய் போனைக் கெடுத்துக்கொள்வானேன்? தமிழ் இன்னும் அந்தச் செயலியின் மொழிப் பட்டியலில் இல்லை.

மார்வெல், டிசி தனி இதழ்களைப் புதன்தோறும் பழனியில் கையில் வாங்குவது நடக்காத காரியம். அதற்காக ஏங்காதீர்கள். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் பின்னர் வரும் தொகுப்புகளை ஆன்லைனில் வாங்குவதே விலைக்கும் நல்லது, கதையும் முழுசாகக் கிடைக்கும். மாதத்துக்கு இருபது பக்கம் படித்துவிட்டு அடுத்த மாதம் வரை நகம் கடிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

கடைசியாக, சந்தா கட்டும்போது முகவரியில் 624601 என்ற பின்கோடைத் தெளிவாகப் போடுங்கள். பகலில் எடுக்கக்கூடிய போன் நம்பரைக் கொடுங்கள். அடிவாரம், கிரிவலப் பாதைப் பக்கம் வீடு இருப்பவர்கள், தைப்பூசம், பங்குனி உத்திரம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் ஊருக்குள் தள்ளி இருக்கும் நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவது உத்தமம். காவடிக் கூட்டத்துக்குள் கூரியர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு "சார், எங்க இருக்கீங்க?"னு கேட்டால் நீங்களும் பதில் சொல்ல முடியாது, அவருக்கும் காது கேட்காது.