மலைநீர் தந்த மின்சக்தி

மும்பையிலிருந்து புனா செல்லும் நம்மவர்க்கு லோணாவளா மலைகள் புதியவையல்ல. அங்கு பெய்யும் மழையைத் தேக்கி, குழாய்களின் வழியே அடிவாரத்திலுள்ள கோபோலிக்கு இறக்கி, 1915-இல் மின்சாரம் எடுத்தனர். ஜாம்ஷெட்ஜி டாட்டா கண்ட கனவு அது. அவர் 1904-இல் மறைந்தபின், 1910-இல் அதற்கெனக் கம்பெனி அமைந்தது. நிலக்கரிப் புகை கக்கிய பம்பாய்ப் பஞ்சாலைகள் பல, மலைநீரின் வலிமையால் இயங்கலாயின.

ஆயின், டாட்டா நிறுவனத்தார் முல்ஷியில் மற்றோர் அணை எழுப்ப முற்பட்டபோது, நிலமிழக்கவிருந்த குடியானவர்கள் 1921-இல் சத்தியாக்கிரகம் தொடங்கினர். சேனாபதி பாபட் முன்னின்று நடத்தினார். எனினும் அணை எழுந்தது; ஊர்கள் நீரில் மூழ்கின.

இன்று கதிரொளியிலும் காற்றிலும் மூலதனம் இடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். புகையின்மை மட்டுமே தூய்மையாகாது. நிலம் கொடுத்தவர்க்கு நீதி கிட்டினாலன்றிக் கணக்கு நேராகாது.