முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பழைய மோட்டார் சைக்கிள்கள்)

மாஸ்டர் சிலிண்டர் என்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் வலக் கைப்பிடியை ஒட்டி அமர்ந்து, லீவரை இழுக்கும் விரல்களின் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக்கி, ஹோஸ் வழியே முன்சக்கர டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு அனுப்பும் உறுப்பு. முப்பது, நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளில் இதன் உட்சுவர் அரித்துப் புள்ளி விழுந்திருக்கும். ரப்பர் கப்புகள் இறுகிப்போயிருக்கும். அத்தகைய வண்டிக்கு மாற்றுச் சிலிண்டர் தேடுகையில் முதலில் பார்க்கவேண்டியது உள்துளையின் விட்டம். பட்டறை வழக்கில் இது ‘போர்’. வண்டிக்குப் பொருந்தும் தோற்றம், நிறுவனப் பெயர், விலை ஆகியவை அதற்குப் பின்னரே.

வரலாறு

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பதை விளக்கும் பிளேஸ் பாஸ்கலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1663இல் வெளிவந்தது. லண்டனில் பூட்டுகள் செய்துவந்த ஜோசப் பிராமா அந்த விதியைக் கருவியாக்கி, 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனை நெடுந்தூரம் தள்ளினால் பெரிய பிஸ்டன் சிறிது தூரமே நகரும், ஆனால் பெருவிசையோடு நகரும். இன்றைய பிரேக்கின் முழுக் கணக்கும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

வாகன பிரேக்குக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனுடன் சேர்ந்து வானூர்தி நிறுவனம் நடத்திய அதே மால்கம்தான். 1921இல் விற்பனைக்கு வந்த டியூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் கொண்டிருந்தது. லாக்ஹீட் என்ற பெயர் இங்கிலாந்திலும் பிரேக் உற்பத்தியில் நிலைத்து, அரை நூற்றாண்டு கழித்து நார்ட்டன், டிரையம்ப் மோட்டார் சைக்கிள்களின் மாஸ்டர் சிலிண்டர்கள்மேல் இடம்பெற்றது.

கார்கள் மாறிய பின்னரும் மோட்டார் சைக்கிள்கள் பல பத்தாண்டுகள் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக்கோடுதான் ஓடின. 1962இல் இத்தாலியின் லாம்ப்ரெட்டா டிவி 175 ஸ்கூட்டர் முன்சக்கரத்தில் டிஸ்க் பெற்றது. ஆனால் அதையும் கேபிளே இயக்கியது, மாஸ்டர் சிலிண்டர் இல்லை. திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு, 1969இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750தான் ஹைட்ராலிக் முன் டிஸ்க்கைப் பேரளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த வண்டி. 296 மி.மீ. விட்டமுள்ள ஒற்றை டிஸ்க், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர், கைப்பிடியில் 14 மி.மீ. போர் மாஸ்டர் சிலிண்டர். பத்தே ஆண்டுகளில் பெரிய வண்டிகளில் டிரம் அரிதானது.

1972 மாடலிலிருந்து நார்ட்டன் கமாண்டோ முன் டிஸ்க் பெற்றது. எதிரெதிராக இரு பிஸ்டன் கொண்ட நல்ல காலிப்பருக்கு 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைக் கோத்தார்கள். அந்த அளவு கூடுதல். லீவர் கல்போல் இறுகி நிற்கும், வண்டியோ நிற்க மறுக்கும். அதன் உரிமையாளர்கள் பலர் செய்துவரும் மாற்றம், அந்த உடலுக்குள்ளேயே 13 மி.மீ. ஸ்லீவ் (உட்குழாய்) போடுவது. அதே விரல் விசைக்கு அழுத்தம் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடிவிடும். கமாண்டோவுக்கு 13 மி.மீ. தான் சரியான அளவு. தொழிற்சாலை அளவை அப்படியே காப்பது வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கலாம், சாலைக்கு நேர்மை அல்ல.

வகைகள்

இடத்தைக் கொண்டு இரு வகை. பெரும்பாலான வண்டிகளில் இது கைப்பிடியில் இருக்கும். ஆயில் கிண்ணம் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால், குழாயில் புகுந்த காற்று தானே மேலேறி வெளியேற வழி உண்டு. 1970களின் டிஸ்க் பிரேக் கொண்ட பிஎம்டபிள்யூ வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெட்ரோல் டேங்கின் அடியில் ஒளிந்திருக்கும். கைப்பிடி லீவர் ஒரு கேபிளை இழுக்க, அந்தக் கேபிள் சிலிண்டரை இயக்கும். கீழே விழுந்தாலும் சிலிண்டர் உடையாது என்பது ஆதாயம். டேங்கின் அடியில் ஆயில் கசிவது கண்ணில் படாது என்பது அதைவிடப் பெரிய குறை.

பிஸ்டன் நகரும் திசையைக் கொண்டும் இரு வகை. பழையவற்றில் பிஸ்டன் கைப்பிடிக் கம்பிக்கு இணையாக, பக்கவாட்டில் நகரும். ரேடியல் எனப்படும் பிற்கால வகையில் லீவர் இழுபடும் திசையிலேயே நகரும். பிரெம்போவின் ரேடியல் சிலிண்டர்களில் 19×18, 16×18 என்று இரு எண்கள் இருக்கும். முன்னது பிஸ்டன் விட்டம், பின்னது லீவரின் சுழல்முனைக்கும் பிஸ்டன் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம், இரண்டும் மில்லிமீட்டரில். 1970களின் ஒற்றை டிஸ்க் வண்டியில் 19 மி.மீ. ரேடியலைப் பொருத்துவது வெறும் அலங்காரம்; அந்த வண்டியின் பிரேக்கை அது கெடுக்கவே செய்யும்.

கிண்ணத்தைப் பொறுத்தவரை, உடலோடு சேர்ந்து வார்த்தது, குழாய் வழியே தனியே நிற்பது என்று பிரிக்கலாம். தாழ்ந்த கைப்பிடியுள்ள பந்தய வகை வண்டிகளில் சேர்ந்த கிண்ணம் சாய்ந்து நிற்கும். அங்கே தனிக் கிண்ணமே ஏற்றது.

இயங்கும் முறை

சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன், அதன் முன்னும் பின்னும் ரப்பர் கப், திருப்பித் தள்ள ஒரு ஸ்பிரிங். கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள். பெரியது ஆயில் இறங்கும் வழி. ஊசிமுனை அளவே உள்ள மற்றொன்று, சூட்டில் விரியும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும் வழி. பிஸ்டன் நகரத் தொடங்கியதும் முன் கப் இந்தச் சிறு துளையைக் கடந்து மூடுகிறது; அதற்குப் பிறகே அழுத்தம் பிறக்கிறது. நாள்பட்ட வண்டியில் வெள்ளைப் படிவம் இத்துளையை அடைத்துவிடும். லீவரை விட்டபின்னும் பிரேக் பிடித்தபடியே இருந்து, சக்கரம் சுற்றச் சுற்ற டிஸ்க் காய்ந்து, பிடிமானம் மேலும் இறுகும். மூடியைத் திறந்து லீவரை மெல்ல அழுத்தினால் அந்தத் துளையிலிருந்து ஆயில் சிறிதாகப் பீறிட வேண்டும். பீறிடாவிட்டால் அடைப்பு என்று பொருள்.

போர் அளவும் கணக்கும்

பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் அளவுகள் 12.7 (அரை அங்குலம்), 14, 15.87 (5/8), 17.46 (11/16) மி.மீ. உடலின் அடியிலோ பக்கத்திலோ இந்த எண் பெரும்பாலும் வார்ப்பிலேயே இருக்கும். எண்களுக்குள் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் விசை பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 154 சதுர மி.மீ.; 15.87க்கு 198, 17.46க்கு 239.

சிபி 750யையே எடுத்துக்கொள்ளலாம். காலிப்பர் பிஸ்டன் 38 மி.மீ., பரப்பு 1,134 சதுர மி.மீ. அதை 154ஆல் வகுத்தால் 7.4. இதுவே அந்த வண்டியின் பிறவி விகிதம். முன் போர்க்கின் மறுபக்கத்திலும் பொருத்துமுனை இருப்பதால் பலர் இரண்டாவது டிஸ்க் சேர்க்கிறார்கள். சிலிண்டரை மாற்றாமல் விட்டால் விகிதம் 14.7க்கு ஏறும், விசை இரட்டிக்கும், ஆனால் இரண்டு காலிப்பரை நிரப்ப வேண்டியிருப்பதால் லீவரும் வெகுதூரம் வரும். 15.87 போட்டால் விகிதம் 11.5, ஒரே இழுப்பில் செல்லும் ஆயில் கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும். 17.46க்குப் போனால் விகிதம் 9.5ஆகிவிடும், சேர்த்த டிஸ்க்கின் பயனில் பெரும்பகுதி போயிற்று. ஆகவே இரட்டை டிஸ்க்குக்கு 5/8 அங்குலம், ஒற்றை டிஸ்க்குக்கு 14 அல்லது அதற்கும் குறைவு என்பதே விதி.

பெரிய போர் என்றால் பெரிய பிரேக் என்ற எண்ணம் பட்டறைகளில் இன்றும் வலுவாக உள்ளது. அது தவறு, ஆபத்தான தவறும்கூட. லீவர் கெட்டியாக இருப்பதைச் சக்தி என்று கை நம்பிவிடுகிறது. போர் குறையும்போது லீவர் கொஞ்சம் மென்மையாகும், அதைப் பிரேக் பலவீனம் என்று கருதக்கூடாது. எல்லையும் உண்டு: முழு பலத்தோடு இழுக்கும்போது லீவர் கைப்பிடியைத் தொட்டால் போர் மிகச் சிறியது, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புவதாலும் அப்படி நேரும் என்பதால், ஹோஸை மாற்றிய பின்னரே போரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

பொருத்தம்

கைப்பிடிக் கம்பி பெரும்பாலும் 22 மி.மீ.; ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் ஓர் அங்குலம். ஹோஸை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் மரை ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக 10 மி.மீ., மரை இடைவெளி 1.25, இத்தாலிய வகைகளில் 1.0. ஒன்றில் மற்றதைத் திணித்தால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு அலுமினிய மரையை அறுத்துவிடும். காப்பர் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கவேண்டும். வலப்பக்கக் கண்ணாடியை இதே உடலில் தாங்கும் யமஹா வண்டிகளில் அம்மரை இடப்புறம் சுற்றுவது. பிரேக் விளக்கின் சுவிட்ச் லீவரருகே இருக்கிறதா, ஆயில் அழுத்தத்தால் இயங்குவதா என்பதும் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு வண்டியின் லீவரை மாட்டும்போது அதன் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் முன்சொன்ன சிறு துளை எப்போதும் மூடியே இருந்து, சில கிலோமீட்டரில் முன்சக்கரம் இறுகும்.

புதியதா, பழையதைச் சீர்செய்வதா

உட்சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கப்புகள் அடங்கிய கிட்டை மாற்றினால் போதும். புள்ளி விழுந்த சுவரைத் தேய்த்துக் கிட் போடுவது சில வாரத்துக்கு மட்டுமே நிற்கும். அந்நிலையில் லேத்தில் துளையைப் பெருக்கித் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் இறக்குவதே சிறந்தது; வண்டியின் அசல் உடல் காப்பாற்றப்படும், போரையும் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். நிசின், பிரெம்போ போன்றோரின் புதிய சிலிண்டர்கள் அடுத்த தேர்வு. பெயரில்லாத நகல்களின் உட்சுவர்த் தரத்தை வெளியிலிருந்து அறிய வழியில்லை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குவோர் பிஸ்டனைக் கழற்றி, விளக்கொளியில் உள்ளே பார்த்தே காசு கொடுக்க வேண்டும்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்குகிறது. டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. எஞ்சின் ஆயில் ஒரு துளி பட்டாலும் ரப்பர் கப்புகள் ஊதிவிடும்.

இந்தியாவில்

1980களின் என்ஃபீல்டு ஃபியூரி 175 முன் டிஸ்க்கோடு வந்தது. 1999இன் ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டுக்குப் பிறகு டிஸ்க் பரவலானது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் தொழிற்சாலை குறித்த சிலிண்டரையே போடவேண்டும்.