மறுபதிப்பு காணாத காஞ்சிக் குரல்கள்

பாடகி காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் குரல் கிராமபோன் தட்டில் பதிவானது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். கல்கத்தாவில் 1902 நவம்பரில் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் இந்தியாவின் முதல் வணிக ஒலிப்பதிவுகளைச் செய்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வரும்வரை இந்தியப் பாட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் தட்டாக அச்சாகி, கப்பலேறித் திரும்பி வந்தன.

தட்டின் மூலப்பொருள் அரக்கு. அதோடு கற்பொடியும் கரியும் கலப்பார்கள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பாடலாம். கற்பொடி சேர்த்ததற்குக் காரணம் உண்டு: தட்டு ஓடும்போது இரும்பு ஊசி அதில் உராய்ந்து, தடத்தின் அளவுக்குத் தேய வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும் என்பது விதி. வீடுகளில் சிக்கனம் அந்த விதியை மீறியது. மழுங்கிய ஊசியே பத்துப் பாட்டுக்கு ஓடும். அப்படித் தேய்ந்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புத் தடம் சாம்பல் பூத்திருக்கும். அந்த இடத்தில் பாட்டை இரைச்சல் மூடிவிடும். பிரபலமான பாட்டின் தட்டே அதிகம் தேய்ந்தது என்பதால், கேட்கப்படாமல் கிடந்த தட்டே இன்று நன்றாகக் கேட்கிறது.

தனகோடியின் தங்கை காமாட்சி அம்மாளின் மகன், பாடகர் நயினா பிள்ளை (1889–1934). லயத்தில் அவருக்கு நிகரில்லை என்று பெயர். மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாக உட்காரும் அவர் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பட்டப்பெயர். தட்டுக்குப் பாட அவர் இசையவில்லை. அந்தப் பக்கவாத்தியக் கூட்டத்தோடு ஒரு பல்லவியை மூன்று நிமிடத்தில் அடக்குவது எப்படி என்று யோசித்தால் மறுப்பு நியாயமாகவே படுகிறது. இழப்பு பெரியது என்பதும் உண்மை. அவருடைய பாடம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா போன்ற சீடர்கள் வாயிலாகத்தான் வந்தது.

காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் கேட்டுக் கேட்டே கற்றவர் டி.கே. பட்டம்மாள் (1919–2009). காஞ்சிபுரத்தில் பிறந்தவர், 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் பெற்றவர். அவரை நாடெங்கும் கொண்டுசென்றது தட்டு. ஆனால் தட்டில் அவரைத் தேடுவோருக்கு முதலில் அகப்படுவது பல்லவி அல்ல. கீர்த்தனைகளும், ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' (1947) படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்களுமே. ராகம் தானம் பல்லவி தட்டின் இரு பக்கங்களில் அடங்காது.

இந்தப் பழைய தட்டுகள் கடையிலிருந்து மறைந்ததற்குச் சதி எதுவும் காரணமல்ல. உலோக அச்சு வைத்துத்தான் தட்டு அடிப்பார்கள். அச்சு தேய்ந்தபின் புதிது செய்யும் அளவுக்கு விற்பனை இல்லையென்றால் பாட்டு விற்பனைப் பட்டியலிலிருந்து விழும். அரக்குத் தட்டு போய் எல்.பி. வந்தது, பிறகு கேசட், பிறகு சி.டி. ஒவ்வொரு மாற்றத்திலும் விலைபோகும் குரல்கள் மட்டும் ஏற்றப்பட்டன. தனகோடி காலத்துப் பாடகிகள் முதல் மாற்றத்திலேயே விடுபட்டார்கள். எஞ்சியவை பழைய சாமான் கடைகளுக்கும் சென்னை மூர் மார்க்கெட்டுக்கும் போயின. அந்த மார்க்கெட்டும் 1985-இல் எரிந்துபோனது.

பிறகு தேடியவர்கள் தனி ஆர்வலர்களே. 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. பிரிட்டிஷ் நூலக உதவியோடு ஓடியன் நிறுவனத் தட்டுகள் கணினியில் ஏற்றப்பட்டன. பழைய பதிவுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்கவைக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. கேட்க முடிவது பெரிய காரியம்தான். ஆனால் பாடியவர், ராகம், ஆண்டு, உடன் வாசித்தவர் எல்லாம் சொல்லும் ஒழுங்கான மறுபதிப்புக்கு அது ஈடாகாது.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளுக்கு. தனகோடியின் தட்டுகளை வெளியிட இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தேய்மானமில்லாத ஒரு பிரதி கிடைத்தால் போதும்.