கோப்பி சாய்ந்த பின் மாத்தளை

யட்டவத்தையை உள்ளடக்கிய, இலங்கையின் மாத்தளை மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோப்பிப் பயிர் பரவியபோது, அதற்கான உழைப்பாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய், அதாவது இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படியும் பூஞ்சை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழிலைச் சாய்த்தது. தோட்டத்துரைமார் பலர் கடனில் மூழ்கி வெளியேற, கொக்கோவும் தேயிலையும் பின்னர் இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. இம்மாற்றத்தைத் துரைமாரின் மனவுறுதி என்று போற்றுவது வழக்கம்; அது பாதி உண்மையே. முன்பு அறுவடைப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலைக்காக லயன்கள் எனப்படும் வரிசை அறைகளில் நிலையாகக் குடியேறி, விடியலில் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்கு நின்று, ஒரு நாள் கூலிக்குரிய வருகைப்பதிவான 'பேர்' விழுவதற்காகத் தலைமுறைகளாக மலையேறினர். அந்த இடையறாத உழைப்புக்குப் பின்னும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.